அனாமத்துக் கணக்கு

படிவத்தில் ஒன்பதாவது கட்டம்: பிறந்த நாடு.
ஃப்ளைட் லெப்டினன்ட் தெயோஃபில் மருஷெவ்ஸ்கி
பேனாவின் மூடியைத் திறந்தார்,
யோசித்தார், திரும்ப மூடிவிட்டார்.
"ஊர்ப் பெயர் போதுமா? கொலோமியா.
நான் பிறந்தபோது ஆஸ்திரியா.
பள்ளிக்கூடம் போனபோது போலந்து.
இப்போது ரஷ்யர்களிடம்.
ரயில் நிலையம் மட்டும் அதே இடத்தில்தான்."

நான் ஜலந்தரிலிருந்து கராச்சிக்கு வந்தவன்.
என் ஊரும் நகரவில்லை.
கட்டத்தை வெறுமையாக விட்டு
முத்திரை குத்தினேன்.
விதிமீறல்தான்.

சம்பளத்துக்கு வந்தவர் என்றார்கள் மெஸ்ஸில்.
பட்டியல் போட்டவன் நான்.
அந்தத் தொகைக்கு
இத்தனை தூரம் யாரும் வரமாட்டார்கள்.

முதல் சம்பள நாளில்
கம்பிக்கு வெளியே நின்று
"பான் இக்ராமுதீன்" என்றார்.
வெற்றிலை கேட்கிறார் என்று
பையனை ஓடவிட்டு வாங்கித் தந்தேன்.
மறுக்காமல் மென்றார்.
கண்ணில் நீர் கட்டியது. விழுங்கியும்விட்டார்.
அப்புறம்தான் சொன்னார்,
அவர் மொழியில் பான் என்றால் ஐயா.
அதன்பின் இருபத்தாறு சம்பள நாளிலும்
ஐயா, ஐயா என்று
ஒருவருக்கொருவர் பொட்டலம் நீட்டிக்கொண்டோம்.

மாதம் நாற்பது ரூபாய் பிடித்துவைக்கச் சொன்னார்
தங்கை ப்ரோனிஸ்லாவா பெயரில்.
நாற்பதாம் ஆண்டு ஏப்ரலில்
விடியுமுன் கதவைத் தட்டி
மாட்டு வண்டிப் பெட்டியில் ரயிலேற்றினார்கள்.
கஸாக்ஸ்தான் வரைக்கும் தெரியும்.
அந்தக் கோடையில் அவர்
இங்கிலாந்தின் மேல் பறந்துகொண்டிருந்தார்.
நான்கு விமானங்களை வீழ்த்தினார் என்கிறது பணிப்பதிவேடு.
அவர் சொன்னதில்லை.
போர் முடிந்தபோது ஜெயித்த பக்கத்தில் இருந்தார்,
திரும்பிப்போக ஊரில்லாமல்.

செஞ்சிலுவைச் சங்கத்துக்கு மூன்று முறை எழுதினோம்.
மூன்று பதிலிலும்
ஒரே வாக்கியம், ஒரே தட்டச்சுப் பிழை.
வாங்க ஆளில்லாத பணத்தை
நான் எங்கே எழுதுவேன்?
அனாமத்தில் எழுதினேன்.

ஒருநாள் சுவர் வரைபடத்தில்
ஸ்கார்டு மேல் விரல் வைத்தார்.
வாரம் இருமுறை டகோட்டாவில் போய்
அவர் மாவும் வெல்லமும் போடும் இடம்.
சிந்து நதியின் இடுக்கில்
இறக்கை நுனிக்கும் பாறைக்கும் நடுவே
ஒரு வீடு கட்டலாம், பெரிய வீடல்ல என்பார்.
விரல் வடக்கே நகர்ந்தது.
மலை. மலை. அதற்கப்பாலும் மலை.
பிறகு மஞ்சளாய் ஒரு சமவெளி.
"லண்டனிலிருந்து ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல்.
இங்கிருந்து ஆயிரம்கூட இல்லை."
அன்றைக்குத்தான்
சம்பளக் கணக்கு எனக்கு நேரானது.

ஐம்பத்தொன்று, ஜூலை.
வானம் தெளிவு என்றது குறிப்பு.
ஆகஸ்டில் ஆடு மேய்ப்பவர்கள்
பனியோரம் வெல்லம் கண்டெடுத்தார்கள்,
ஏழு மூட்டை, கிழியாமல்.
வழக்கமான பாதைக்கு வடக்கே முப்பது கிலோமீட்டர்.
திசைகாட்டிக் கோளாறு என்று எழுதியது விசாரணைக் குழு.
குமாஸ்தா கருத்துச் சொல்ல
எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

கூடப் போனவர்கள் இருவர்.
வழி பார்த்த ஸஃப்தர் ஜங், மூட்டை தள்ளிய ஃபஸல் கரீம்.
அவர்கள் வீடுகளுக்குப் பணம் போயிற்று, ரசீது இருக்கிறது.
ஃபஸலின் மனைவி
கைநாட்டு வைத்த மை காயுமுன்
என்னைப் பார்த்தாள்.
மருஷெவ்ஸ்கியை நினைக்கும்போதெல்லாம்
அந்தப் பார்வையையும் சேர்த்தே நினைக்கிறேன்.
ஒன்றைக் கழித்து இன்னொன்றை எழுத எனக்கு வரவில்லை.

லாகூர்த் தணிக்கை ஆண்டுதோறும் சிவப்புப் பென்சிலால் கேட்கும்:
ரூ. 1,080. உரியவர் இல்லை. கருவூலத்தில் சேர்க்காதது ஏன்?
ஆண்டுதோறும் நான் எழுதுவேன்:
விசாரணை நிலுவையில்.
அனாமத்து என்றால் அநாதைப் பணம் என்று
அவர்களுக்கு எண்ணம்.
உதட்டில் வைத்துப் பார்த்தால் தெரியும்,
அதற்குள் அமானத் இருக்கிறது.
நம்பிக் கொடுத்தது.

இருபத்தோரு வருடம் கழித்துப் பேரேட்டைக் கைமாற்றினேன்.
ஓரத்தில் வெற்றிலைக் கறை படிந்த பக்கத்தை
புதியவனுக்குத் திறந்து காட்டினேன்.
ப்ரோனிஸ்லாவா என்று ஒருத்தி வருவாள்,
பெயர் மாறியும் இருக்கலாம்.
கையெழுத்து ஒன்று போதும்.
வட்டி கிடையாது.
நாடு எது என்று மட்டும்
கேட்டுவிடாதே.